எதை விடட்டும், டீச்சர்?

பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர் அது. கம்பெனிகளில் வெட்டி எறிந்த துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்தாள் ஜெஸிந்தா. வயது முப்பத்து நான்கு. மாணவிகளில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

மரகதத்துக்கு ஐம்பத்தாறு. மாலையில் ஜெஸிந்தாவின் தையல் வகுப்புக்கு வருவாள். சனி, ஞாயிறு காலைகளில் கிளை நூலகத்துக்குப் போவாள். கிழிந்த புத்தகங்களை ஒட்டுவாள், குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டுவாள். சம்பளம் கிடையாது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மரகதம் மட்டும் நின்றாள்.

"எதை விடட்டுங்க டீச்சர்?"

"என்ன விடறது?"

"தையலா, நூலகமா. ரெண்டுல ஒண்ணைத் தலைமுழுகுங்கறார் எங்க வீட்டுக்காரர். வீடு பூரா துணியாக் கிடக்குதாம். லீவு நாள்ல வீட்டுல ஆளே இல்லையாம். நானா முடிவு பண்ணலைன்னா, ஞாயித்துக்கிழமை நூலகத்துக்கே வந்து, இனிமே இவ வரமாட்டான்னு சொல்லிடுவேங்கறார்."

"உங்களுக்கு எதை விட இஷ்டம்?"

"எனக்கு ரெண்டும் வேணுங்க. ஆனா ரெண்டும் அரைகுறையா நிக்குது. அவர் சொல்றதுதான் சரியோன்னும் தோணுது."

ஜெஸிந்தா அவளுடைய பாதி தைத்த போர்வையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை போர்வையையும் எடுத்துட்டு நூலகத்துக்கு வாங்கக்கா" என்றாள்.

"அங்க உக்காந்து நான் எப்படித் தைக்கறதுங்க?"

"நான் தைக்கிறேன். நீங்க படிங்க."

ஞாயிற்றுக்கிழமை. குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பல்வலி வந்த ஒரு முதலையின் கதையை மரகதம் படித்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஜெஸிந்தா போர்வையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

கதை பாதியில் இருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மரகதத்தின் கணவர் குப்புராஜ் செருப்போடு உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார். ஜெஸிந்தாவின் மடியைப் பார்த்தார்.

"இங்கயும் துணியா?"

குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மரகதம், கிளம்பு."

மரகதத்தின் கை தானாகப் புத்தகத்தை மூடியது. ஜெஸிந்தா நிமிரவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"முதலைக்குப் பல்லைப் புடுங்கினாங்களா, இல்லையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மரகதம் சிறுமியைப் பார்த்தாள். புத்தகத்தைத் திறந்து, விட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்தாள்.

"கதை இன்னும் இருக்குதுங்க" என்றாள் கணவரிடம். "இருக்கறதுன்னா அந்த பெஞ்சுல உக்காருங்க."

"நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சுங்க."

அவள் படிக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு வரிகளை அவசரமாகப் படித்தாள். அப்புறம் முதலை அழுதது, குழந்தைகள் சிரித்தார்கள், அவசரம் போய்விட்டது. குப்புராஜ் நூலகரின் மேசைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நூலகர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

குப்புராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வெளியே போனார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. மரகதம் அந்தப் பக்கத்தை முடித்து அடுத்ததைத் திருப்பினாள்.

கதை முடிந்ததும் இரண்டு பெண்களும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"வீட்டுக்குப் போனா சண்டை இருக்குதுங்க டீச்சர்."

"இருக்கும்."

"இவ்வளவு நடந்தும் நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லவே இல்லை. எதை விடட்டுங்க?"

ஜெஸிந்தா போர்வையை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் ஒண்ணை விட்டுட்டீங்களே அக்கா."

"எதைங்க?"

"அவர் 'கிளம்பு'ன்னு சொன்னதும் எந்திரிக்கறதை."