முன்அனுபவம் தேவையில்லை

வடக்குமடை ஆட்களை ஒருமுறை வேலைக்கு வைத்தவர்கள் மறுமுறை வைத்ததில்லை. தனுஷ்கோடி முதலாளிக்கு இது தெரியாது. அவர் வெளியூர்க்காரர்.

சந்தைப்பேட்டைத் தெருவில் குக்கர் ஏஜென்சி எடுத்திருந்தார். கடை நிறைய குக்கர், வாங்கத்தான் ஆளில்லை. தீபாவளிக்குள் சரக்கு போகாவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வீடுவீடாகப் போய் விற்க ஆள் வேண்டியிருந்தது. கடை வாசலில் பலகை வைத்தார்: 'விற்பனையாளர்கள் தேவை. முன்அனுபவம் தேவையில்லை.'

வடக்குமடையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"எதுவும் பார்த்ததில்லைங்க" என்றான் ஒச்சு.

"நான் வேலை பாக்குறவங்களையே பார்த்ததில்ல" என்றான் தவசி.

மூன்றாமவன் கருத்தமாயன் வாயைத் திறக்கவில்லை. அதட்டிக் கேட்டதும், "கேட்டதுக்குப் பதில் சொல்லிக்கூடப் பழக்கமில்லைங்க" என்றான். இவன் நம்மைவிடத் தகுதியானவன் என்று ஒச்சுவுக்கே பட்டது.

மூவருக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் காலை முழுக்க முதலாளி பயிற்சி கொடுத்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சிரித்த முகமாக இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்க வேண்டும். கஸ்டமர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. முடிவு சொல்லும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூடாது.

தவசி நுழைந்த முதல் வீட்டில் நடுக்கூடத்தில் பிணம் கிடந்தது. அவன் சிரித்த முகமாகப் போய், எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தான். அன்று முழுக்க அவனுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள்.

கருத்தமாயன் போன வீட்டில் அந்த அம்மாள், "வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றார். இவன் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். முதலாளியே போய் இவனைக் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஒச்சு போன வீட்டில் ஒரு மருமகள் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வெடிக்குமாண்ணே?"

"வெடிக்கும்மா" என்றான் ஒச்சு, சிரித்த முகமாக.

"நெசமாவா?"

"நல்லா வெடிக்கும்."

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே மாமியார் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மருமகள் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல நான் சமைக்கிறதில்ல, அத்தைதான்" என்று சொல்லி, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

சேதி பரவியது. அந்தத் தெரு மருமகள்கள் எல்லாம் ஒச்சுவைத் தேடிவந்து வாங்கினார்கள். பிறகு மாமியார்களுக்கு விஷயம் தெரிந்து, அவர்கள் மருமகள்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். குக்கர் ஒன்றும் வெடிக்கவில்லை. ஒருவரை ஒருவர் சமைக்கச் சொல்லி உபசரித்ததில் தெருவே மரியாதையாக மாறிப்போனது.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நன்றாக விற்கிறவனைக் கௌரவித்தால் மற்றவர்களுக்கும் ஊக்கம் வரும் என்று நினைத்தார். ஒச்சுவின் போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார். ஸ்டுடியோக்காரர் அவனை வெள்ளையாக்கி, மீசையை ஒதுக்கி, கோட்டும் மாட்டிவிட்டிருந்தார். கடைக்குள் காலமான தன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் முதலாளி அதை மாட்டினார். அப்பாவுக்கு இருப்பதுபோலவே ஒரு சந்தன மாலை. அதே மாதிரி சிவப்பாக ஒரு சின்ன பல்பு.

காலையில் வந்த மூவரும் படத்தின் முன் நின்றார்கள். தவசி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"எப்படா ஆச்சு?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றான் ஒச்சு.

"நேத்து என்ன சாப்பிட்ட?"

"பருப்புக் குழம்பு."

"எதுல வச்சது?"

"நம்ம குக்கர்லதான்."

மூவரும் குக்கர் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆனா எனக்குப் பசிக்குதேடா."

"பசிக்காமயா எல்லாரும் படையல் போடுறாங்க?"

"மூச்சு விடுறேனே."

கருத்தமாயன் யோசித்தான். "அது பழக்கதோஷம்" என்றான்.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். "பாத்தீங்களா? ஒழுங்கா உழைச்சா உங்களையும் இப்படி மாட்டுவேன். அடுத்த மாசம் யாரு, தவசியா?"

தவசி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஒச்சு வீட்டுக்குப் போய் மனைவி பேச்சியம்மாளிடம் சொன்னான். அவள் அழவில்லை. நேராகக் கடைக்கு வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்கய்யா, இதுக்கப்புறம் சம்பளம் உண்டா?" என்று கேட்டாள்.

"கூட்டித் தருவேம்மா" என்றார் முதலாளி.

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். "உசுரோட இருந்தப்ப ஒனக்கு இந்த மதிப்பு இல்ல. அப்படியே இரு."

"தாலிய என்ன செய்யப்போற?"

"படம் கடையிலதான இருக்கு. வீட்டுல மாட்டுறப்ப பாத்துக்குவோம்."

ஒச்சு மறுநாளும் வேலைக்குப் போனான். இனிமேல் போவதற்கு எதுவும் இல்லையென்று ஆனதும் முன்னைவிடத் துணிச்சலாக விற்றான். மற்ற இருவரும் வாங்க வந்தவர்களைக் கண்டாலே சந்துக்குள் ஓடினார்கள். துரத்திவந்து வாங்க முயன்ற ஒரு வாத்தியாரிடம் கருத்தமாயன், "எனக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கு சார்" என்று கும்பிட்டான்.

தீபாவளி நெருங்கியது. பாதிச் சரக்கு கடையிலேயே கிடந்தது. சரக்கு தீராவிட்டால் யாருக்கும் இனி வேலை இல்லை என்றார் முதலாளி. மூவரும் கூடிப் பேசினார்கள்.

"வித்தா உசுரு போகுது. விக்காட்டி வேலை போகுது" என்றான் தவசி.

"நீங்க விக்கிறதயும் நான் வித்ததாச் சொல்லிருவோமா?" என்றான் ஒச்சு. "நான் இன்னொரு தடவ சாகவா போறேன்?"

இப்படி ஒரு நண்பன் உயிரோடு இல்லாமல் போனானே என்று தவசி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தீபாவளிக்கு முன்பே கடை காலியானது. எல்லாம் ஒச்சுவின் கணக்கு. ஏஜென்சி தப்பித்தது. கம்பெனி மேனேஜர் சால்வையோடு நேரில் வந்தார். முதலாளி காபி சொல்லிவர ஓடினார்.

"யாருப்பா அந்த ஒச்சு?" என்றார் மேனேஜர்.

தவசி சுவரைக் காட்டினான். மேனேஜர் மாலையைப் பார்த்தார். சிவப்பு பல்பைப் பார்த்தார். "அடடா. எப்போ?"

"ஆடியிலங்க."

மேனேஜர் கண்ணை மூடி மௌனமாக நின்றார். மூவரும் நின்றார்கள். ஒச்சுதான் தேம்பித் தேம்பி அழுதான். உயிரோடு இருந்தவரை அவனுக்காக யாரும் அப்படி நின்றதில்லை.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று மேனேஜர் அவன் தோளைத் தொட்டார்.

"ரொம்ப நெருக்கம்ங்க."

மேனேஜர் சால்வையை அவனுக்கே போர்த்தினார். காபியோடு வந்த முதலாளியின் கையைப் பற்றிக்கொண்டார். "இவ்வளவு பெரிய இழப்பிலயும் சரக்கை முடிச்சிருக்கீங்க. ஹெட் ஆபீஸ்ல உங்க படத்தை மாட்டப்போறோம் சார்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் முதலாளியின் காதில் ஏறியது. சிரித்த முகமாக அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் வாடகை நாற்காலிகள். கருத்தமாயன் சங்கு ஊத ஆள் பிடித்து வந்திருந்தான். தவசி அஞ்சலி போஸ்டருக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான், ஒச்சு வீட்டுக் குக்கரில்.

"என்னடா இதெல்லாம்? நான் நல்லாத்தானடா இருக்கேன்" என்றார் முதலாளி.

ஒச்சு தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தி, நாற்காலியில் உட்காரவைத்தான்.

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு முதலாளி. பயப்படாதீங்க. இதுக்கு முன்அனுபவம் எதுவும் தேவையில்ல."