நாற்பத்திரண்டு கட்டாயப் பாடங்கள்

மணிநாவல் நாட்டைச் செங்கோடமாறன் என்ற ராஜா ஆண்டபோது அங்கே ஒரு கலாசாலை இருந்தது. சேர்ந்தவர்கள் ஏராளம். பதினொரு வருஷமாகப் படித்து முடித்தவர் ஒருவர்கூட இல்லை!

எல்லாம் ஒரு மரியாதையால் வந்த வினை. மற்ற ஊர்களில் புது ஆசிரியர் வந்தால் சால்வை போர்த்துவார்கள். இங்கே அவருடைய பாடத்தை எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கிவிடுவார்கள். ஆசிரியர் வர வரப் பாடமும் ஏறி, நாற்பத்திரண்டில் வந்து நின்றது. இலக்கணம் படிக்க வந்தவன் மல்யுத்தம் போட வேண்டும். மல்யுத்தக்காரன் பூத்தொடுக்க வேண்டும். விருப்பப் பாடம் என்றும் ஒன்று இருந்தது. மாணவர் சிரமப்படக் கூடாதே என்று அதைத் தலைமை ஆசிரியர் ஆதிமூலனாரே விரும்பித் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்!

ஒருநாள் பெரிய ஏரியின் கரை உடைந்தது. கலாசாலையிலிருந்து மாசிலாமணி என்ற மாணவன் ஓடிவந்து இரண்டே நாளில் கரையை அடைத்துவிட்டான். தலையில் பாதி நரை.

"சபாஷ்! பட்டம் எப்போது வாங்கினாய்?" என்றார் ராஜா.

"எங்கே மகாராஜா! பூத்தொடுப்பதில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். போன வருஷம் என் மகனும் சேர்ந்துவிட்டான். இப்போது இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பு."

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சபையின் கெட்டிக்காரரான வில்லவராயரைக் கூப்பிட்டார்.

"ராயரே, ஏழு நாளில் கட்டாயப் பாடங்களைக் குறைக்க வேண்டும். ஆனால் ஓர் ஆசிரியர்கூட என்னிடம் வந்து மூக்கைச் சிந்தக் கூடாது. ரத்தினம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பவர் ராணியின் மாமா. எனக்கு வீட்டில் நிம்மதி வேண்டும்."

"முடியாவிட்டால், பிரபு?"

"நீரே அங்கே மாணவராகச் சேர்ந்துவிடும். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வாரும்."

அதற்கு ஆயுள் தண்டனையே தேவலை! ராயர் நேரே கலாசாலைக்கு ஓடினார். அங்கே தர்க்கம் கற்பிக்கும் ஆதிமூலனார் தொந்தியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். அவர் சம்மதிக்காமல் ஒரு பாடமும் அசையாது என்பது சட்டம்.

"ஒன்றையும் விடமாட்டேன்!" என்றார் ஆதிமூலனார். "நாற்பத்திரண்டும் தெரியாதவன் அரை மனிதன்!"

"ஆகா, என் மனதில் இருந்ததையே சொல்லிவிட்டீர்கள்!" என்று ராயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அரை மனிதர்கள் பாடம் நடத்தலாமா? வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர்கள் எல்லோருக்கும் நாற்பத்திரண்டிலும் தேர்வு. ராஜா நேரில் வருகிறார். தோற்றவர்கள் மாணவர் வரிசையில் உட்கார வேண்டியதுதான்."

அவ்வளவுதான், கலாசாலை அமளிதுமளிப்பட்டது! மல்யுத்த ஆசிரியர் யாப்பிலக்கணத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். ஜோதிடர் குளத்தில் நீச்சல் பழகப் போய், முதல் படியிலேயே தம் ஜாதகத்தில் ஜலகண்டம் இருப்பதாக அறிவித்தார். ராணியின் மாமா பூத்தொடுத்ததில் பத்து விரலும் நாருக்குள் மாட்டிக்கொண்டன. அவிழ்க்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமைக்குள் நாற்பத்தொரு ஆசிரியர்களும் ராயர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "எழுத்தும் கணக்கும் எல்லோருக்கும் இருக்கட்டும் ஐயா. மற்ற நாற்பதும் அவரவர் விருப்பமாக இருக்கட்டும். என் பாடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!" என்று ஆளுக்கொரு ஓலை கொடுத்தார்கள். ஆதிமூலனார் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராஜா வந்து அமர்ந்தார்.

"பாடத்தை விருப்பத்துக்கு விட்டால் கல்வி பாழ்!" என்று ஆதிமூலனார் முழங்கினார்.

"தலைவரே முதலில் தேர்வு எழுதட்டும்," என்றார் ராயர். "யானையேற்றத்திலிருந்து ஆரம்பிக்கலாம்."

நான்கு பேர் தள்ள, இரண்டு பேர் தூக்க, ஆதிமூலனார் யானைமேல் ஏறினார். யானை எழுந்தது. அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"ராயரே... யானையேற்றம் விருப்பப் பாடமாகவே இருக்கட்டும்."

"எழுதிக்கொள்ளுங்கள்!" என்றார் ராயர் கணக்கரிடம். "மற்றவை?"

யானை ஓரடி வைத்தது. "நீச்சலும்!" இன்னோரடி வைத்தது. "மல்யுத்தமும்! ஐயோ, பூத்தொடுப்பதும்! ஜோதிடமும்!" யானை உற்சாகமாகக் காதை ஆட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. அடிக்கொரு பாடம் விழுந்தது. கணக்கருக்குக் கை வலித்தது. மாசிலாமணியும் மகனும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ராஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யானை ஒரு சுற்று முடித்து நின்றது.

"பிழைத்தீர் ராயரே!" என்று ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். "நாற்பதும் வந்துவிட்டதா?"

கணக்கர் ஓலையை எண்ணிப் பார்த்தார். "முப்பத்தொன்பது, மகாராஜா. ஆதிமூலனாருடைய தர்க்கம் ஒன்றுதான் பாக்கி."

ராயர் மேலே அண்ணாந்து பார்த்தார். ஆதிமூலனார் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"பாகனே," என்றார் ராயர், "இன்னும் ஒரு சுற்று!"