தந்தம் கட்டிய எலிகள்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடையில் அது வற்றிச் சேறாகிவிட்டது. அந்தச் சேற்றில் ஓர் ஆமையும் அதன் குஞ்சுகளும் தவித்தன. பாவம், குஞ்சுகளின் ஓடு இன்னும் முற்றவே இல்லை. வெயிலை எப்படித் தாங்கும்?

மலைமேல் ஒரு சுனை உண்டு. "அங்கிருந்து வாய்க்கால் வெட்டுவோம்!" என்றது காட்டின் தலைவரான யானை. மலைப்பகுதி யானைகளுக்கு, நடுப்பகுதி பன்றிகளுக்கு, குளத்தை ஒட்டிய பகுதி எலிகளுக்கு என்று முடிவாயிற்று. ஒரு கூட்டத்தின் வேலை இன்னொரு கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. சேதி சொல்லக் காகம் மட்டும் பறந்தது.

யானைகள் தந்தத்தால் குத்தின. பன்றிகள் மூக்கால் கிளறின. எலிகள் காலால் பறித்தன. பிறகு யானைகள் சுனையைத் திறந்தன. பன்றிகள் வெட்டிய அகலத்தில் தண்ணீர் பரவித் தேங்கியது. எலிகள் வெட்டியதில் ஒரு வால்தான் நுழையும். குளத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை.

யானைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுனையை மறுபடி அடைத்துவிட்டு, "ஆளுக்கொரு கருவி வைத்திருந்தால் இப்படித்தான்! இனி எல்லோருக்கும் ஒரே கருவி, தந்தம்!" என்றது.

"எலிகளுக்குத் தந்தம் கிடையாதே, தலைவரே?" என்றது காகம்.

"கட்டிக்கொள்ளச் சொல்!"

எலிகள் மூங்கில் தந்தம் கட்டிக்கொண்டன. தலை தரையில், வால் வானத்தில்! ஓர் எலி தும்மியது. தந்தம் இரண்டும் மண்ணில் குத்தி நிற்க, எலி நடுவில் ஊஞ்சலாடியது. நடுப்பகுதியில் தாங்களும் தந்தம் கட்டியிருந்த இரண்டு பன்றிகள் திரும்பப் போய், ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றன.

காகம் பறந்து போனது. "தலைவரே, எல்லோரும் தந்தத்தோடு இருக்கிறார்கள்!"

"பலே! வேலை எப்படிப் போகிறது?"

"வேலையா? அதைப் பார்த்து வரச் சொல்லவில்லையே!"

ஆமைக்குப் பொறுமை போயிற்று. "என் குஞ்சுகள் வாடுகின்றன, நீங்கள் வேஷம் கட்டி ஆடுகிறீர்களா?" என்று திட்டிக்கொண்டே எலிகளின் வாய்க்காலுக்குள் முண்டி நுழைந்தது. வசமாக மாட்டிக்கொண்டது.

"ஐயோ, ஆமையக்கா!" எலிகள் பதறிப்போய்த் தந்தங்களை வீசிவிட்டுக் காலால் மண்ணைப் பறித்தன. ஆமை வெளியே வந்து திரும்பிப் பார்த்தது. வாய்க்கால் அச்சாக அதன் ஓட்டின் அகலத்தில் இருந்தது.

ஆமை துள்ளிக் குதித்தது! "இதுதான் அளவு! நான் சுனைவரை நடக்கிறேன். நான் மாட்டினால் அகலமாக்குங்கள். ஓடு கரையில் உரசாவிட்டால் மண் போட்டு ஒடுக்குங்கள். எதனால் தோண்டினீர்கள் என்று கேட்கமாட்டேன்!"

பன்றிகளும் தந்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மூக்கால் கரை கட்டின.

மலையில் யானை வழிமறித்தது. "என் கட்டளை என்ன ஆயிற்று?"

"உங்கள் தந்தம் உங்களுக்கு இருக்கட்டும், தலைவரே. தண்ணீர் எங்களுக்கு வரட்டும்" என்றது ஆமை.

யானை வெட்கப்பட்டு, ஆமையின் அளவுக்கே தன் பகுதியையும் சரிசெய்தது. பிறகு சுனையைத் திறந்துவிட்டது.

தண்ணீர் ஆமையையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது! "வழி! வழி!" என்று அலறியபடி ஆமை சறுக்கியது. யானைகளைத் தாண்டியது, பன்றிகளைத் தாண்டியது, எலிகளைத் தாண்டியது. எங்கும் மாட்டவில்லை. தொபுக்கென்று குளத்தில் விழுந்தது.

தண்ணீரில் மிதந்த குஞ்சுகள் கத்தின: "அம்மா, இன்னொரு தடவை!"

நீதி: கருவி அவரவருக்குப் பழகியதாக இருக்கட்டும், ஒருவர் வேலை அடுத்தவர் வேலையோடு சேரும் இடத்தில் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.