தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

"ஏழாம் கட்டில் டீச்சர் வந்ததிலேருந்து குளிக்கல. ஃபிலோமினாகிட்ட விட்டுருங்க. அவ பாத்துக்கிடுவா."

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னது. யமுனா தூங்குகிறாள் என்று நினைத்துச் சொன்னது.

யமுனா தூங்கவில்லை.

அவள் நாலாம் வகுப்பு ஆசிரியை. சாகத் துணிந்து, பிழைத்து, அந்த மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

ஃபிலோமினா யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் நோயாளிதான். யமுனாவைவிடச் சின்னவள். பல தடவை வந்து போனவள். மாத்திரையால் அவள் கை எப்போதும் லேசாக நடுங்கும். அந்தக் கையால்தான் மற்றவர்களுக்குத் தலை வாரிவிடுவாள். வகிடு நேராக இருக்கும்.

"சாமியாரம்மா" என்று அவளைக் கேலி செய்வார்கள்.

"சும்மா கும்பிடாதீங்கடி. காணிக்கை வைங்க. பிஸ்கட்டா வைங்க" என்பாள்.

யமுனா அவள் கட்டிலுக்குப் போனாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க டீச்சர்."

"எனக்கு உயிரோட இருக்கணும்னு தோணவே மாட்டேங்குது. மாத்திரை சாப்பிடறேன். அம்மா வந்து அழுதுட்டுப் போறா. ஒண்ணும் தோணல. வாழணும்கிற எண்ணம் திரும்ப வருமா?"

ஃபிலோமினா கையிலிருந்த பிஸ்கட்டை மென்று முடித்தாள்.

"குளிச்சீங்களா?"

"நான் கேட்டதுக்கும் குளிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம்லாம் இல்ல. நாறுது டீச்சர்."

பக்கத்துக் கட்டிலில் பேச்சியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

யமுனாவின் முகம் சிவந்தது.

"பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல. பிடுங்கி எடுத்திருக்காங்க. நம்ம மேல அவங்களுக்கு நம்பிக்கை இல்ல."

"இல்லதான்."

"உங்களுக்கு அவமானமா இல்லையா?"

"முதல் தடவை இருந்துச்சு. நானும் நாறிக்கிட்டுதான் கிடந்தேன்."

ஃபிலோமினா எழுந்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க. எனக்குக் கதவைப் பிடிங்க."

அந்த வார்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும். விட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். குளிக்கிறவள் ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"சத்தம் நின்னா?" என்று கேட்டாள் யமுனா.

"திறந்திரணும்."

"நானா?"

"பிடிக்கிறவதான் திறக்கணும். சிஸ்டர் வர நேரமாகும்ல."

"என்னை நம்பியா விட்டுட்டுப் போறீங்க? நான் எதுக்கு இங்க வந்திருக்கேன்னு தெரியும்தானே?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு ஃபிலோமினா உள்ளே போனாள்.

யமுனா கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

உள்ளே தண்ணீர் விழுந்தது. பாட்டும் தொடங்கியது. ஏதோ பழைய சினிமாப் பாட்டு. சுருதி எங்கேயும் ஒட்டவில்லை.

பேச்சியக்கா வாளியோடு வந்தாள்.

"நகருங்க. நான் போகணும்."

"ஆள் இருக்காங்க."

"அவதானே? அவ ஒண்ணும் நினைக்க மாட்டா."

பேச்சியக்கா கதவில் கை வைத்தாள். யமுனா தோளைக் கொடுத்துத் தடுத்தாள். வந்ததிலிருந்து அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

"விட மாட்டேன். வரிசையில நில்லுங்க."

பேச்சியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

அப்போது பாட்டு நின்றது.

தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

யமுனா காதைக் கதவோடு சேர்த்தாள்.

"ஃபிலோமினா."

கதவைத் தட்டினாள்.

"ஃபிலோ."

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள்.

முகமெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஃபிலோமினா குவளையைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்தினே?"

ஃபிலோமினா துப்பினாள். "வாயில சோப்பு போயிருச்சு."

"ஒரு சத்தம் குடுக்க மாட்டியா? நான் என்னன்னு நினைக்கிறது? உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா என்ன டீச்சர்?"

யமுனாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கையை அதன்மேல் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"கதவைச் சாத்துங்க. குளிருது" என்றாள் ஃபிலோமினா.

யமுனா சாத்தினாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஈரத்தலையோடு வெளியே வந்த ஃபிலோமினா குவளையை யமுனாவின் கையில் கொடுத்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி, வராந்தாவைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் பிடித்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். வாய் திறக்காத பெண்கள்கூட அவள் நின்றால் குவளையைத் தட்டிக்கொண்டு நிதானமாகக் குளிப்பார்கள்.

யமுனா உள்ளே போனாள். ஃபிலோமினா கையைப் பின்னால் விட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தத்தையே காணோமே. திறந்திருவோமா?" என்றாள் பேச்சியக்கா.

"இருங்கக்கா."

"எனக்குப் பாட வராது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு மட்டும் வருதாக்கும்? வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க. பேச்சியக்கா அவங்க ஊர் வரைக்கும் பஸ் ஸ்டாப் பேரெல்லாம் சொல்லுவாங்க."

"பஸ் எங்க நின்னா உனக்கென்ன?" என்றாள் பேச்சியக்கா.

உள்ளே ஒரு குவளைத் தண்ணீர் விழுந்தது.

"அபர்ணா."

இன்னொரு குவளை.

"இம்ரான். உதயகுமார்."

"யாருடீ இவங்கள்லாம்?" என்று பேச்சியக்கா ரகசியமாகக் கேட்டாள்.

"டீச்சரோட பிள்ளைங்க போல. அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க."

"எஸ்தர்."

அந்தப் பெயரில் குரல் உடைந்தது. தண்ணீர் நின்றது. எல்லாம் நின்றது.

பேச்சியக்கா வாளியிலிருந்து எழுந்துவிட்டாள்.

ஃபிலோமினா திரும்பினாள். நடுங்கும் கையைக் கதவின்மேல் விரித்து வைத்தாள். தள்ளவில்லை.

"உள்ளேன் டீச்சர்" என்றாள்.

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் தலையில் தண்ணீர் விழும் சத்தம்.

"கவின்" என்றாள் யமுனா, வகுப்பில் கூப்பிடுகிற குரலில்.