குளிர்ந்தால் அடங்கும்

“பாதி ஆயுச இல்லாத ஒண்ணுக்காகச் செலவழிச்சிருக்கேன், டீச்சர்” என்றார் தேசிகாமணி.

மைமூன் பீவி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“உக்காருங்க சார்.”

தேசிகாமணி உட்காரவில்லை. ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

ஏற்காட்டில், கோடை விடுமுறைக்குக் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கணித முகாம் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்துகிறவர் மைமூன். தேசிகாமணி சென்னையில் இயற்பியல் பேராசிரியர். மைமூனைவிட ரொம்பவே மூத்தவர். வளைந்த வெளிகளின் கணிதம் தெரியாமல் தன் வேலை நகராது என்று ஆனபோது, மைமூனின் வகுப்பில் போய்ப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். அன்றிலிருந்து மைமூன் அவருக்கு டீச்சர். மைமூனுக்கு அவர் இன்னும் சார்தான்.

“சேதி பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

நிலத்துக்கு அடியில் துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று முடிவை அறிவித்திருந்தது. தேசிகாமணியின் கோட்பாடு சரியாக இருந்தால் ஒரு புதிய துகள் இருந்தே ஆக வேண்டும். அது இருக்கக்கூடிய இடத்தில் எல்லாம் தேடிவிட்டார்கள்.

இல்லை.

“ஒளிஞ்சிக்க ஒரு மூலைகூட மிச்சம் விடல” என்றார்.

“என்ன செய்யப் போறீங்க?”

“அது அப்புறம். முதல்ல உங்க புஸ்தகத்துலேருந்து என் பேர எடுத்துடுங்க.”

அந்தக் கோட்பாட்டைக் கட்டுகிற வழியில் ஒரு சூத்திரம் கிடைத்திருந்தது. கண்ணால் பார்க்கவே முடியாத, பல பரிமாணங்கள் கொண்ட வடிவங்களில் எத்தனை துளைகள் என்று அது எண்ணிச் சொல்லும். கணிதக்காரர்கள் தங்கள் வழியில் கஷ்டப்பட்டு எண்ணிப் பார்த்த இடத்தில் எல்லாம் அதே விடைதான் வந்தது. கடைசியில் மைமூன் அதை முறையாக நிரூபித்தார். தேசிகாமணி சூத்திரம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். புத்தகம் அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

“உலகத்துல இல்லாத ஒரு துகள வெச்சு எண்ணினது, டீச்சர். பொய்க்கணக்கு.”

“விடை சரியா வருதே.”

“அதத்தான் தாங்க முடியல. தப்பா வந்திருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்.”

மைமூன் மேஜையிலிருந்து அச்சுப்படியை எடுத்தார். தலைப்பில் இருந்த பெயரைப் பேனாவால் அடித்தார்.

“எடுத்தாச்சு.”

தேசிகாமணி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மைமூன் மறுப்பார், சமாதானம் சொல்வார் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதற்கான பதிலைத் தயார் செய்திருந்தார். எதற்கும் வேலை இல்லாமல் போனது.

“யார் பேரப் போடட்டும்?”

“உங்க பேர. நிரூபிச்சது நீங்கதான?”

“நிரூபிச்சேன்.” மைமூன் பேனாவை மூடி வைத்தார். “சரி. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. உங்க கணக்க முதல்லேருந்து இந்தப் பலகைல எழுதுங்க. அந்தத் துகள் எந்த வரியில உள்ள வருதோ அங்க ஒரு கோடு போடுங்க. கோட்டுக்குக் கீழ இருக்கறது எல்லாம் பொய்னா, பேர் என்ன பேர், அந்த அத்தியாயத்தையே எடுத்துடறேன்.”

“உங்க நாலு வருஷ உழைப்பு டீச்சர் அது.”

“பொய்னா போகட்டும்.”

அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

தேசிகாமணி எழுதத் தொடங்கினார்.

வடிவத்தின் மேல் துகளை அலையவிட வேண்டும். வடிவத்துக்கு மேடுகளும் பள்ளங்களும் உண்டு. துகளைக் குளிரவைக்க வேண்டும். குளிரக் குளிர அது ஓட்டத்தை விட்டுப் பள்ளங்களில் போய் அடங்கும். எங்கே எத்தனை விதமாக அடங்குகிறது என்று எண்ணினால் துளைகளின் கணக்கு வந்துவிடும்.

பலகை நிறைந்தது. அவர் கோடு போடப் போனார்.

முதலில் அந்தத் துகளின் பெயரை அழித்தார். அந்த இடத்தில் வெறும் ஒரு புள்ளி வைத்தார். கணக்கு மாறவில்லை.

அதன் எடையை அழித்தார். அப்போதும் மாறவில்லை.

சாக்பீஸ் உடைந்தது. வெளியே போனார். ஏரியைச் சுற்றி வேகமாக நடந்தார். பனி இறங்கி, ஏரியில் படகுகள் பாதி பாதியாகத் தெரிந்தன. ஒரு கடையில் டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் வந்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். முகாமில் படிக்கிறவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் மைமூன் வந்தபோது தேசிகாமணி ஏற்கெனவே பலகை முன்னால் நின்றிருந்தார்.

“கோடு எங்க சார்?”

“போட முடியல. துகளோட பேர எடுத்தேன், எடைய எடுத்தேன், அதோட அடையாளம் ஒண்ணு விடாம எடுத்தேன். கணக்கு அப்படியே நிக்குது. அது உள்ளயே வரல, டீச்சர். நான்தான் வாசல்ல அதோட பேர எழுதி வெச்சிருந்தேன்.”

“அப்ப இந்தக் கணக்குல நிஜ உலகம் எங்கயுமே வரலையா?”

தேசிகாமணி பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். பிறகு நடுவில் இருந்த ஒரு வரியைத் தொட்டார்.

“இங்க வருது.”

குளிர்ந்தால் அடங்கும். அந்த வரியில் அவ்வளவுதான் இருந்தது.

“இதுக்கு மட்டும் நான் காரணம் எழுதல. எழுதணும்னே தோணல.”

“அடங்கும்னு எப்படித் தெரிஞ்சுது?”

“எப்படின்னா...” அவர் கையை விரித்தார். “ஆட்டிவிட்ட ஊஞ்சல் நிக்குது. காபி ஆறுது. அடங்காம வேற என்ன செய்யும்?”

மைமூன் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார்.

“அந்த நாலு வருஷமும் எனக்குப் போனது இந்த ஒரு வரிக்குத்தான் சார். நூறு பக்கத்துக்கு மேல எழுதினேன். ஒவ்வொரு படியும் சரி. நானே தப்புத் தேடித் தேடிப் பாத்தாச்சு. இப்பவும் எடுத்துப் படிச்சா, அது அடங்குதுன்னு தெரியுது. ஏன் அடங்குதுன்னு தெரியல.”

“தெரியலையா?”

“தெரியல. அந்தப் புஸ்தகத்த அனுப்பாம வெச்சிருக்கேன். ஏன் அனுப்பலன்னு எல்லாரும் கேக்கறாங்க. பக்கத்த எண்ணிக் காட்டினா விட்டுடுவாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல.”

தேசிகாமணி முதல்முறையாக மைமூனின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தான் வந்ததிலிருந்து தன் கதையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தது அவருக்கு உறைத்தது.

“எதுக்கு டீச்சர் இத என்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“நிரூபிச்சவ புரியலன்னு எப்படிச் சொல்றது?”

வகுப்பு மணி அடித்தது. மைமூன் எழுந்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பக்கத்துப் பலகையில் வேகமாக ஒரு படம் போட்டார். இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதன் தரை துளியும் ஏறாமல், துளியும் இறங்காமல், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“இது புதுசு. இங்க என் நிரூபணம் செல்லாது. நிக்கறதுக்கு ஒரு அடிப்பள்ளமே இல்ல. துகள் இங்கயும் அடங்குமா, இல்ல கடைசியில்லாம ஓடிப் போயிடுமான்னு தெரியல. ரெண்டு பக்கமும் முட்டிப் பாத்துட்டேன்.”

தேசிகாமணி படத்தைப் பார்த்தார்.

“இந்த மாதிரி ஒரு இடம் உலகத்துல எங்கயும் கிடையாது, டீச்சர்.”

“உங்க துகள் மட்டும் இருந்துச்சா?”



வெளியே பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் சத்தம் கேட்டது. மைமூனும் போக வேண்டும். போகவில்லை.

தேசிகாமணி பலகைக்கு அருகில் போனார். பள்ளத்தாக்கின் இரண்டு சரிவுகளின் மேலும் விரலை வைத்து, அது போகும் திசையில் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். பலகையின் ஓரத்தில் விரல்கள் நின்றன.

“இது போகப் போகக் குறுகுதா, அகலுதா?”

“குறுகுது.”

“முடிவில்லாமயா?”

“முடிவில்லாம.”

“அப்ப ஓடாது டீச்சர். அவ்வளவு சின்னத் துகள ஒரு சந்துக்குள்ள நெருக்கினா சும்மா இருக்காது, உதறும். இன்னும் நெருக்கினா இன்னும் உதறும். அந்த உதறலே அதுக்குச் சுவராயிடும். கொஞ்ச தூரம் போகும். திரும்பி வந்துடும்.”

எப்படித் தெரியும் என்று மைமூன் கேட்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, சாக்பீஸை எடுத்தார்.