மன்னரை வணங்கிய நாணல்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை உதயமாறன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் தேடிக் கிளம்பிவிடுவீர்கள். மன்னர் எங்கே போனாலும் நான்கு பேர் ஆளுயர விசிறிகளை வீசிக்கொண்டே கூடப் போவது அங்கே வழக்கம். பல் துலக்கும்போதுகூட விசிறிதான். வேறு எவருக்கும் அந்த மரியாதை கிடையாது.

ஒருநாள் மன்னருக்குப் பூக்கள் அலுத்துப்போயின. "இனி நம் தோட்டத்துக்குப் புல்தான் அழகு செய்ய வேண்டும்," என்றார். அந்தப் புல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலை அரசவை விகடகவி அம்பலவாணனுக்குக் கிடைத்தது. பிரதானி வீரபாகுவுக்கு வயிறு எரிந்தது.

"மன்னா, வெறும் அழகு போதுமா? தாங்கள் வந்தால் வணங்கி, மற்றவர் வந்தால் நிமிர்ந்து நிற்கும் புல்லல்லவா தங்களுக்குத் தகும்?" என்றார்.

மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அம்பலவாணா, ஆறு மாதம் தருகிறேன். அப்படியொரு புல் இல்லையென்றால் நீயும் இந்த நாட்டில் இல்லை."

செய்தி கேட்டதும் அவன் மனைவி குமுதவல்லி பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"இந்தத் தடவை நான் வாயே திறக்கல, வல்லி."

மறுநாளே புல் தேட ஆரம்பித்தான். அருகம்புல் குட்டை, அது குனிந்தாலும் யாருக்கும் தெரியாது. தர்ப்பை விறைப்பாக நின்றது. வெட்டிவேர்ப் புல்லோ தன் கனத்திலேயே சாய்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டது. கடைசியில் ஆற்றோர நாணலைப் பார்த்தான். மெல்லிய தண்டு, வெள்ளைவெளேரென்று கதிர். அவனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அதை வேரோடு கொண்டுவந்து, நான்கு புறமும் மதில் உயர்ந்த, காற்றே நுழையாத அரண்மனைத் தோட்டத்து முற்றத்தில் நட்டான்.

ஆறு மாதம் முடிந்தது. நாணல் பூத்துக் குலுங்க, அவையே முற்றத்தில் திரண்டது. சொல்லும்போது எனக்கே நெஞ்சு படபடக்கிறது. முதலில் வீரபாகு மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தார். ஒரு கதிரும் அசையவில்லை. பிறகு சேனாதிபதி போனார். அதே கதைதான்.

அடுத்து மன்னர் நுழைந்தார். அத்தனை வெள்ளைக் கதிர்களும் ஒன்றாகத் தலை தாழ்த்தின.

"மன்னா, இது மோசடி. விசிறிக் காற்றில் சாய்கிறது!" என்று வீரபாகு கத்தினார்.

"விசிறி இல்லாமல் மன்னர் எங்கே வந்திருக்கிறார், பிரதானியாரே? வணங்க வேண்டும் என்றீர்கள், வணங்கியது. எதனால் வணங்க வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லையே," என்றான் அம்பலவாணன்.

வீரபாகு ஒரு விசிறியைப் பிடுங்கினார். "நான் வீசினாலும் சாயும், பாருங்கள்." வேர்க்க விறுவிறுக்க வீசினார். நாணல் தரையைத் தொட்டது.

"மன்னர் நிற்கிறார், பிரதானியே விசிறுகிறார். இன்னும் தாழ்ந்து வணங்காமல் என்ன செய்யும்?" என்றான் அம்பலவாணன்.

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வீரபாகு, உம் கைக்காற்று நன்றாக இருக்கிறது. நாம் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் இனி நீரே வீசும்." தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார்.

ஆறு மாதமாகக் கட்டியே கிடந்த மூட்டையைக் குமுதவல்லி அன்றுதான் அவிழ்த்தாள்.