எரியாத அடுப்புக்குக் கூலி

அல்லியூர் அரண்மனையில் ஏகாதசி வந்தால் அரசர் முதல் வாயிற்காவலர் வரை எல்லோரும் விரதம். மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டமாட்டார்கள். இதைக் கவனித்த பொக்கிஷதார் கேசவராயருக்கு ஒரு யோசனை உதித்தது.

"எரியாத அடுப்புக்கு எதற்குக் கூலி?" என்றார். சமையல் ஆட்களுக்கு அன்றைய கூலி அரிசியை நிறுத்திவிட்டார்.

தலைமைச் சமையல்காரர் வரதனுக்கு நிம்மதி போயிற்று. எல்லோரும் அவரைத்தானே பிடித்துக்கொள்வார்கள்?

"அரசர் புண்ணியத்துக்குப் பட்டினி கிடக்கிறார், அண்ணே. எங்க வீட்டுப் பிள்ளைங்க எதுக்குக் கிடக்கணும்?" என்றாள் கீரை ஆயும் செங்கமலம்.

வரதன் அவைப்புலவர் பொன்னப்பனிடம் ஓடினார். பொன்னப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏகாதசியன்று வேலைக்கு வருகிறீர்களா?" என்றார்.

"வராமல் முடியுமா ஐயா? மறுநாள் விடிந்ததும் அரசர் விரதம் முடித்துச் சாப்பிட உட்காருவார். அதற்கு அகத்திக்கீரை ஆயணும், நெல்லிக்காய் அரைக்கணும், பருப்பு ஊறவைக்கணும். எல்லாம் முந்தின நாள் வேலைதானே?"

"அது அவையில் ஒருவருக்கும் தெரியாது போலிருக்கிறது. வாரும்" என்று அவரை அழைத்துப் போனார் பொன்னப்பன்.

அவையில் அரசர் மகுடவர்மரும் கேசவராயரும் இருந்தார்கள். பொன்னப்பன் பணிவாகக் கேட்டார்: "ராயரே, ஏகாதசி சமையல் ஆட்களுக்கு வேலை நாளா, விடுமுறையா?"

கேசவராயர் மீசையைத் தடவினார். "கூலி போடும்போது விடுமுறை. கூப்பிட்டால் வேலை நாள்."

"ஒரு காலைப் பல்லக்கிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தால் எப்படிப் போவது? ஒன்றைச் சொல்லுங்கள்."

"விடுமுறை. போதுமா?"

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வெளியே வந்ததும் வரதன் புலம்பினார். "கூலி கேட்க வந்தோம். இல்லை என்று அரசர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டீர்களே, ஐயா."

"விடுமுறை என்றும் சொன்னாரே. எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒருவரும் மடைப்பள்ளிப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்."

"மறுநாள் என் தலை இருக்குமா?"

"போனால் என் தலையும் கூட வரும். துணைக்கு ஆள் இருக்கிறதே."

ஏகாதசி வந்தது. மடைப்பள்ளிக் கதவு திறக்கவே இல்லை.

மறுநாள் விடிந்தது. அரசர் ஆவலோடு இலை முன் அமர்ந்தார். பொன்னப்பனும் கேசவராயரும் பந்தியில் இருந்தார்கள். வரதன் தண்ணீர் வைத்தார். வேறு எதுவும் வரவில்லை.

"சாப்பாடு எங்கே?"

"இப்போதுதான் கீரை ஆய உட்கார்ந்திருக்கிறார்கள், அரசே."

அரசரின் முகம் சிவந்தது. வரதன் பொன்னப்பனைப் பார்த்தார்.

"அரசே, இன்று இலையில் விழவேண்டியது நேற்றைய வேலை" என்றார் பொன்னப்பன். "நேற்று அவர்களுக்கு விடுமுறை. தாங்களே கொடுத்தது."

அரசரின் வயிறு உறுமியது. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அரசர் மட்டும் கேசவராயரைப் பார்த்தார்.

"ராயரே, நீரும் போய்க் கீரை ஆயும். கை கூடினால் சீக்கிரம் முடியும்."

பாவம், அவருக்கும் பசி. செங்கமலத்தின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அகத்தி இலையோ பொடிப்பொடியாக இருந்தது. உருவ உருவக் கட்டு குறையவே இல்லை.

"காம்போட போடாதீங்க சாமி. அரசர் பல்லில் மாட்டும்" என்று அவள் அவர் ஆய்ந்ததில் பாதியைத் திருப்பித் தள்ளினாள்.

பசி பொறுக்காமல் அரசரே மடைப்பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். வியர்த்து வழிந்த பொக்கிஷதாரைக் கண்டதும் அவருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"ராயரே, இது வேலையா, விடுமுறையா?"

"வேலைதான், அரசே. முதுகு ஒடிகிற வேலை."

"அப்படியானால் ஏகாதசிக்கும் கூலி உண்டு. நிறுத்திய அரிசியையும் கொடுத்துவிடும். இனி மாதம் ஒருநாள், முறை வைத்து, கூலியோடு விடுமுறை. அன்று யாரும் அவர்களைக் கூப்பிடக்கூடாது."

வரதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கேசவராயர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "அரசே, காலையிலிருந்து நானும் ஆய்ந்திருக்கிறேன். எனக்கும் ஏதாவது கூலி..."

பொன்னப்பன் மடைப்பள்ளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கொடுக்கலாம்தான், ராயரே. ஆனால் அடுப்பு இன்னும் எரியவில்லையே."

அரசர் பசியையும் மறந்து சிரித்தார்.